மழை பெய்தால் அடங்கும் இரைச்சல்

சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தைக் கற்றோர், யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்பெற்ற யாழ்களை ஒவ்வொன்றாக மறுத்தொதுக்கும் இடத்தை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்றின் மரம் நீரிற் கிடந்து அழுகியது என்பான். ஒன்றின் மரம் இடியுண்டது என்பான். நரம்பு ஒன்றை எடுத்து அதன் முறுக்கை அவிழ்த்து, உள்ளே கலந்திருந்த மயிரை எல்லோரும் காணக் காட்டுவான். அவன் பாடுவதற்கு முன்னரே அவை அவன் புலமையை ஒப்புக்கொண்டுவிடுகின்றது. வகுப்பறையில் இப்பகுதியைக் கேட்கும் மாணவர் பலர் இதனைக் காப்பியத் தலைவனுக்கு ஏற்றிச் சொல்லப்பட்ட உயர்வுநவிற்சி என்று கொண்டு அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிடுவர். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருத்தியும் அவ்வாறே எண்ணியிருந்தாள். கண்டியில், ஹந்தானை மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டின் முன்னறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த பின்னர் அவளது எண்ணம் மாறிற்று.

அவ்வீட்டில் வாழ்ந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் இடைப்பட்ட தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர். தாமும் லயத்திற் பிறந்து வளர்ந்தவர். 1867இல் தேயிலை முதன்முதலாக வர்த்தகப் பயிராக நடப்பட்ட லூல்கந்துரைத் தோட்டம் அப்பகுதியிலேயே உள்ளது. 1982ஆம் ஆண்டில், மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய கசெற் பதிவுக் கருவியைக் கடன் வாங்கிக்கொண்டு, அயல் தோட்டங்களின் லயங்களிலே தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கொழுந்து மலைப் பாட்டு என்பவற்றை ஏழு கசெற்றுகளில் அவர் பதிவு செய்திருந்தார். ஆராய்ச்சி செய்யும் நோக்கம் எதுவும் அக்காலத்தில் அவருக்கு இருந்ததில்லை. பாடியவர்கள் போகப்போகிறார்கள் என்பது ஒன்றே காரணம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவர்கள் என இரு அரசுகளும் முடிவு செய்தன. அத்தொகையிற் சேர்ந்த குடும்பங்கள், கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஆணையகத்திற் கடவுச்சீட்டுப் பெற்று, கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தன. அந்தக் கப்பற்சேவையும் 1984இல் நின்றுபோயிற்று. மூன்றாவது கசெற்றிற் பாடும் பெண்களுள் ஒருத்தி ஆசிரியரின் அக்காள். அவர் சென்ற பின்னர் சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பின்னர் வரவில்லை.

கசெற்றுகளைக் கணினியிற் பதிந்து பாதுகாக்கவேண்டும் என்று மாணவி கேட்டபோது, ஆசிரியர் உடனே இசைந்தாரல்லர். மலைநாட்டின் ஈரலிப்பில் ஒலிநாடாவிற் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது தேயும். ஓட்டும்போது சிக்குண்டு அறுந்தால் போனது போனதுதான். இக்காரணங்களால் அவர் அவற்றை இருபது ஆண்டுகளாகத் தொட்டதில்லை. "ஒரே தரந்தான் ஓட்டலாம் பிள்ளை. அந்த ஒரு தரத்திலேயே சரியா எடுத்துக்கணும்" என்று நிபந்தனை விதித்தே சம்மதித்தார். அக்கட்டளைக்கு அஞ்சி, பயனற்ற வேறொரு கசெற்றை வைத்து அவள் முதலிற் பரீட்சை செய்ய முற்பட்டாள். அப்போதுதான் இரைச்சல் கேட்டது.

அவ்வீட்டின் ஒலியமைப்பைப் பற்றிச் சில சொல்லவேண்டும். இசைத்தட்டுச் சுழலி, வானொலி, கசெற் கருவி, அம்பிளிபயர் என வழங்கும் விரியலாக்கி ஆகிய யாவும் ஒரே பெட்டியுள் அடங்கிய, 'மியூசிக் சென்டர்' என்று எழுபதுகளில் அழைக்கப்பட்ட இங்கிலாந்துக் கருவி அது. அடித்தகடும் பின்தகடும் உலோகம். மூன்று கம்பிகள் கொண்ட மின்வடம். தனித்தனியான இரு ஒலிபெருக்கிப் பெட்டிகள். தோட்டத்து அதிகாரி ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது விற்றதை ஆசிரியர் தவணை முறையில் வாங்கியிருந்தார். கணினியோ பின்புறத்தில் பிற்காலத்திற் கட்டப்பட்ட அறையில் இருந்தது. இரண்டையும் இணைப்பதற்கு, வாசற்படியைக் கடந்து செல்லும் நீண்டதொரு வயரை மாணவி வாங்கி வந்து, கருவியின் பின்புறத்து ஐந்து துளைச் சொருகியிற் பொருத்தினாள். பொருத்திய கணமே இரு பெட்டிகளிலிருந்தும் வண்டின் ரீங்காரம் போன்றதொரு தாழ்ந்த ஓசை எழுந்தது. பாட்டு உரக்கச் செல்கையில் அது தெரியவில்லை. பாடுபவள் மூச்செடுக்கும் இடைவெளிகளிலே அது முன்வந்து நின்றது. ஒப்பாரியில் அத்தகைய இடைவெளிகளே பாதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரைச்சல் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையிற் பல சாதியானது. நாடா ஓடும்போது எழும் சீறல், நாடாவிற் பூசப்பட்ட காந்தத் துகள்களால் வருவது. இசைத்தட்டில் எண்ணெயிற் கடுகு பொரிவதுபோல் எழுவது தூசியும் கீறலும். ஒலிக்குமிழைத் திருப்பும்போது கரகரப்பது, அக்குமிழின் உட்புறம் அழுக்கேறியது. இவற்றுள் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே முதலிற் கேட்கவேண்டியது எத்தகைய ஓசை என்பது. அடுத்துக் கேட்கவேண்டியது எவ்விடத்தில் அது நுழைகின்றது என்பது. இரண்டாவது வினாவுக்கு விடை காண்பதற்குச் சிறந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் பொறுமை போதும். மாணவிக்கு அப்பொறுமை இருந்தது. ஒலிக்குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள், ரீங்காரம் நின்றது. ஆகவே அது குமிழுக்கு முன்னர் நுழைகின்றது. குமிழைத் திருப்பிய பின்னும் நின்றிருந்தால் விரியலாக்கியின் பின்பகுதியையோ அதன் மின்வழங்கியையோ சந்தேகித்திருக்கவேண்டும். குழல்விளக்குகளை அணைத்தாள், மாற்றமில்லை. ஒலிநாடாவை நிறுத்தினாள், ரீங்காரம் நிற்கவில்லை, ஆகவே அது நாடாவில் உள்ளதன்று. கணினியை நிறுத்தினாள், அப்பொழுதும் நிற்கவில்லை. ஈற்றில், நீண்ட வயரைப் பின்புறத்திலிருந்து பிடுங்கியபோது பூரண அமைதி உண்டாயிற்று. கணினி உறங்கும்போதும் அதன் வயர் வழியே இரைச்சல் வருகின்றது என்பதுவரை அவள் கண்டுகொண்டாள். அதற்கு மேற் செல்ல அவளுக்குத் தெரியவில்லை. முதல் ஞாயிறு இவ்வாறு கழிந்தது.

அது மாசி மாதம். தை முதற் பங்குனி வரை கண்டியில் மழை குறைவு. ஹந்தானையின் புற்றரைகள் பழுப்பேறிக் கிடக்கும் காலம். அவ்வாரத்தின் நடுவிலே எதிர்பாராமல் ஒரு மாலை நன்றாக மழை பெய்தது. வயர் பொருத்தியபடியே இருந்ததால், அன்றிரவு வானொலி கேட்பதற்காகக் கருவியை இயக்கிய ஆசிரியர், ரீங்காரம் முன்னையதிற் பாதியாகக் குறைந்திருப்பதைக் கவனித்தார். மறுநாளும் அப்படியே இருந்தது. வெயில் எறித்து மூன்றாம் நாள் பழைய நிலைக்குத் திரும்பிற்று. கற்பித்தலையே தொழிலாகக் கொண்டிருந்தவராதலால் அவர் அதனைத் தம் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார்.

வெள்ளிக்கிழமை நகரிலிருந்து திருத்துநர் ஒருவர் வந்தார். கண்டியில் வானொலிப் பெட்டிகள் திருத்தி நாற்பது ஆண்டு பழகியவர். மழையைப் பற்றி ஆசிரியர் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். "மாஸ்டர், மழைக்கும் அம்புக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பக்கத்து வீடெல்லாம் ஹந்தானைக் கோபுரத்துக்குக் கிட்ட. அதுதான் இழுக்குது" என்றார். மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பது உண்மையே. வலிமை மிக்க ஒலிபரப்பு அருகிலிருந்தால் நீண்ட வயர் அதனை ஏரியல் போற் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அவ்வாறு நுழைவது பெரும்பாலும் பேச்சாகவோ பாட்டாகவோ கேட்குமேயன்றி, ஏற்ற இறக்கமற்ற ஒரே சுருதியில் நிற்காது. எவ்வாறாயினும் அவருக்கு மருந்து தெரிந்திருந்தது. கருவியின் பிளக்கைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமான ஏர்த் வயரை வெட்டி, முனையை மடித்து ஒட்டுநாடா சுற்றி மூடினார். ஐந்து நிமிட வேலை. இரைச்சல் அடியோடு மறைந்தது. ஆசிரியர் தேநீர் கொடுத்து, கூலி கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்பினார்.

இம்மருந்து அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் மேடைக் கலைஞர்களும் ஒலியமைப்பாளர்களும் இரைச்சலுக்கு அஞ்சி இதனைச் செய்துவந்திருக்கின்றனர், அதனால் உயிர்களும் போயிருக்கின்றன. ஏர்த் வயர் என்னும் புவிக்கம்பி கருவி இயங்குவதற்கு வேண்டியதன்று. அது வெட்டப்பட்டாலும் பாட்டுப் பாடும், விளக்கு எரியும். கருவியின் உள்ளே காவலிப் பழுதுற்று உலோகத் தகட்டுக்கு மின் கசிந்தால், அம்மின்னை மனித உடலின் வழியன்றி நிலத்துக்குச் செலுத்துவது ஒன்றே அதன் பணி. ஆண்டுக்கணக்கில் எதுவும் செய்யாமற் கிடக்கும் இத்தகைய காவலாளியை வேண்டாதவன் என்று எண்ணுவது எளிது.

இரண்டாம் ஞாயிறு மிக மகிழ்ச்சியானது. இரண்டு கசெற்றுகள் ரீங்காரமின்றிக் கணினியிற் பதிந்தன. ஆசிரியர் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்ல, மாணவி எழுதிக்கொண்டாள். மாலை ஐந்து மணியளவில், விடுதிக்குத் திரும்பவேண்டியிருந்ததால் வயரைக் கழற்றிச் சுருட்டிவைக்க எழுந்தாள். இடக்கையாற் கருவியின் பின்தகட்டைப் பற்றிக்கொண்டு, வலக்கையால் வயரின் உலோகச் சொருகியை இழுத்தாள். சொருகி கழன்ற கணத்தில் இரு கைகளும் உதறி எறியப்பட்டு அவள் சுவரில் மோதி விழுந்தாள். காயமில்லை. சில கணம் பேச்சு வரவில்லை. ஆசிரியர் ஓடிச்சென்று பிரதான ஆளியை நிறுத்தினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்று பின்னர் சொன்னார்.

பேராதனையிற் கலைப்பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் இடையில் மகாவலி ஓடுகின்றது. இரு பீடத்தாரும் ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் பெற்றுச் செல்வது இங்கு புதுமையன்று. மாணவி மறுநாள் அக்பர் பாலத்தைக் கடந்து சென்று, தன் ஊர்ப் பாடசாலையில் உடன் படித்த மின்பொறியியல் மாணவன் ஒருவனைத் தேடிப்பிடித்தாள். அவன் முதலிற் கேட்டது இரைச்சலைப் பற்றியன்று. "ஏர்த்தை வெட்டினது யாரு?" என்பதே அவன் கேட்ட முதற் கேள்வி. அடுத்த ஞாயிறு வரை கருவியை எவரும் தொடக்கூடாது என்று சொல்லியனுப்பினான்.

முதல் ஞாயிறன்று கணினியிற் பதிந்திருந்த ரீங்காரத்தை அவன் மென்பொருளால் ஆராய்ந்தபோது, 50 ஏற்சு மீடிறனில் ஓர் உயர்ந்த முனையும் 150இல் ஒரு சிறிய முனையும் தெரிந்தன. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் செக்கனுக்கு ஐம்பது முழுச் சுற்று ஆடுவது. அதனை நேரோட்டமாகச் சீராக்கும்போது முழுஅலைச் சீராக்கியில் அவ்வெண் இரட்டித்து 100 ஆகும். பழங் கருவிகளின் மின்வழங்கியிலுள்ள பெரிய கொள்ளளவிகள் உலர்ந்துபோனால் எழும் இரைச்சல் ஆகையால் 100இல் நிற்கும். இங்கு 100இல் எதுவும் இல்லை. ஆகவே நோய் கருவியின் வயிற்றில் இல்லை, வெளியிலிருந்து வருகின்றது என்று அவன் முடிவு செய்தான். மழையைப் பற்றிய ஆசிரியரின் நாட்குறிப்பை மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் எத்தனை ஏர்த் தண்டு இருக்கின்றது என்று கேட்டான்.

இலங்கையில் வீடுகளுக்குப் புவித்தொடுப்பு மின்சாரக் கம்பத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் வளவிலேயே ஓர் உலோகத் தண்டை நிலத்தில் அறைந்து, அதனோடு தன் புவிக்கம்பிகளை இணைத்துக்கொள்கின்றது. ஆகவே வீட்டின் காவல் அதன் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. ஈரமண் மின்னை எளிதில் ஏற்கும். கல்லும் வறண்ட மண்ணுமான மலைச்சரிவு ஏற்காது. ஆசிரியர் வீட்டில் முன்பகுதிக்கு ஒரு தண்டு பழங்காலத்திலேயே இருந்தது. பின்னறையும் சமையலறையும் கட்டப்பட்டபோது, பழைய தண்டுவரை கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்தி, பின்சுவரோரம் இன்னொரு தண்டை அறைந்துவிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் தொடர்பில்லை. முன்னறைக் கருவி முதலாம் தண்டிலும் பின்னறைக் கணினி இரண்டாம் தண்டிலும் நிற்க, மாணவியின் நீண்ட வயர் அவற்றை முதன்முதலாக இணைத்தது.

மூன்றாம் ஞாயிறு பொறியியல் மாணவன், அனுபவமுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தான். இரு தண்டுகளின் கம்பிகளுக்கும் இடையே அளவுமானியை வைத்தபோது ஏறத்தாழ இரண்டு வோல்ற்று காட்டிற்று. நிலம் நிலந்தானே, இரண்டும் ஒரே பூமியில்தானே நிற்கின்றன என்று எவரும் எண்ணுவர். ஆயினும் அளவுமானி இரண்டு காட்டிற்று. அப்போது சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் தானாகவே ஓய்ந்தது. முள் பூச்சியத்தை நோக்கிச் சாய்ந்தது. கால் மணி நேரத்தில் பெட்டி மீண்டும் உறுமத் தொடங்கியபோது முள்ளும் எழுந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கியில் ஈரம் ஏறி, அதன் உடலுக்குச் சிறிதளவு மின் கசிந்துகொண்டிருந்தது. 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அதனைக் கவனிக்கவில்லை. கசிவு அவ்வளவுக்கு வளரவில்லை. கசிந்த மின் இரண்டாம் தண்டின் வழியே வறண்ட மண்ணுக்குள் இறங்க முயன்று, இறங்க முடியாமல் தண்டையே இரண்டு வோல்ற்று உயர்த்திவைத்திருந்தது. மாணவி வயரைப் பொருத்தியதும் அதற்கு வேறொரு வழி கிடைத்தது: கணினியின் புவிக்கம்பி, நீண்ட வயரின் உறை, கருவியின் தகடு, முன்னறைத் தண்டு. வயரின் உறை, பாட்டைச் சுமக்கும் உட்கம்பிக்குத் துணையாக நிற்பது. அதில் ஓடிய ஓட்டம் பாட்டோடு கலந்தது. பாட்டின் சில நூறு மில்லிவோல்ற்றோடு ஒப்பிட்டால் அது இரண்டு மூன்று மில்லிவோல்ற்றே ஆகலாம். பாட்டு நிற்குமிடத்தில் அதுவே எஞ்சியது.

"அப்ப மழை?" என்று ஆசிரியர் கேட்டார்.

பொறியியல் மாணவன் விடை சொல்லவில்லை. சமையலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, பின்சுவரோரத்தில் இரண்டாம் தண்டின் அடியில் மெல்ல ஊற்றினான். வறண்ட மண் அதனை உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு வாளி, இன்னொன்று. உள்ளே அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி, "கொறையுது, கொறையுது" என்று கூவினாள். முள் ஒன்றுக்கும் கீழே வந்து நின்றது. எழுபத்தெட்டு வயதான ஆசிரியர் தாமும் ஒரு வாளியை நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றியதை அங்கிருந்தோர் தடுக்கவில்லை. தம் நாட்குறிப்பைத் திருத்துநரிடம் ஒருமுறை காட்டவேண்டும் என்று அவர் அன்று பலமுறை சொன்னார். பின்னர் காட்டினாரோ தெரியாது. அத்திருத்துநரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. அவரிடம் இரைச்சலை நிறுத்தச் சொன்னார்கள், அவர் நிறுத்திக்கொடுத்தார்.

மாணவியைத் தாக்கியது வேறொரு கசிவு. மின்னிணைப்பாளர் மெகர் என்னும் கருவியால் சோதித்தபோது, மியூசிக் சென்டரினுள் மின்வடம் நுழையுமிடத்தில் இறப்பர்க் காவலி உக்கிப்போயிருப்பது தெரியவந்தது. புவிக்கம்பி இருந்தவரை அக்கசிவு ஓசைப்படாமல் நிலத்துக்குச் சென்றுகொண்டிருந்தது. கம்பி வெட்டப்பட்ட பின்னரும், வயரின் மெல்லிய உறை கணினியின் வழியாக அதே வேலையை அரைகுறையாகச் செய்துவந்தது. அதனாலேயே அன்று பகல் முழுவதும் கருவியைத் தொட்டும் எவருக்கும் எதுவும் நேரவில்லை. ஒரு கை தகட்டிலும் மறு கை சொருகியிலும் இருக்க அவள் அதனைக் கழற்றிய கணத்தில், இரண்டுக்கும் இடையில் எஞ்சிய வழி அவளுடைய மார்பு.

செய்யவேண்டியவை அதிகம் இருக்கவில்லை. வெட்டிய ஏர்த் வயர் மீண்டும் பொருத்தப்பட்டது. மின்வடம் முழுவதும் புதிதாக மாற்றப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியின் பழுது நீக்கப்பட்டது. இரு தண்டுகளும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றாக இணைக்கப்பட்டன. மேலதிக முன்னெச்சரிக்கையாக, கணினியை முன்னறைக்கே தூக்கிவந்து, கருவிக்கும் அதற்கும் ஒரே சொருகிப் பலகையிலிருந்து மின் எடுத்தார்கள். நீண்ட வயரின் இடத்தை இரண்டடி வயர் ஒன்று பிடித்தது. இவையெல்லாம் முடிந்த பின்னர் ஒலிபெருக்கியிற் காதை வைத்து அழுத்தினாலன்றி ரீங்காரம் கேட்கவில்லை.

எஞ்சியது நாடாவின் சீறல். அது மாணவிக்கும் பொறியியல் மாணவனுக்கும் நன்கு கேட்டது, ஆசிரியருக்குக் கேட்கவேயில்லை. முதுமையில் உயர்ந்த மீடிறன்களே முதலிற் செவியை விட்டு நீங்குவன. "என்ன சீறல்? சுத்தமா இருக்குதே" என்று அவர் சொன்னபோது இருவரும் மறுத்துப் பேசவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசெற்றின் நாடா நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுடையது. செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூட ஓடாது. அகலமும் வேகமும் குறையக் குறையச் சீறல் மிகும். இதனை அடக்கும் முறையைக் கண்ட ரே டொல்பி என்னும் அமெரிக்கர், தம் நிறுவனத்தை 1965இல் இலண்டனில் தொடங்குவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக இந்தியாவிற் பணியாற்றியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியரின் கருவியிலும் அவர் பெயர் பொறித்த ஒரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தியபோது சீறல் தணிந்தது. கூடவே பாட்டியொருத்தியின் கைவளை ஓசையும், சொற்களிலுள்ள சகரமும் மங்கின. பதிவு செய்யும்போது அம்முறையிற் பதிந்திருந்தாலன்றி, கேட்கும்போது மட்டும் அதனைப் பயன்படுத்துவது நோயில்லாத கண்ணுக்கு மருந்திடுவதுபோல் ஆகும். பொத்தானை விடுவித்துவிட்டார்கள்.

மூன்றாவது கசெற்றை ஆசிரியர் தாமே எடுத்து வைத்தார். ஒரு தாலாட்டு, அதன் பின் நான்கு பெண்கள் சேர்ந்து பாடும் கும்மி. பாட்டு நின்ற இடத்தில், எவரும் எதிர்பாராத வகையில், மீண்டும் ஒரு தாழ்ந்த ரீங்காரம் கேட்டது. மாணவியின் முகம் வாடிற்று. பொறியியல் மாணவன் தண்டுகளைப் பார்க்க எழுந்தான். ஆனால் அவள் இப்போது முதல் ஞாயிற்று மாணவியல்லள். நாடாவை நிறுத்தினாள், ரீங்காரமும் நின்றது. ஆகவே அது நாடாவினுள் உள்ளது.   அது பாட்டோடு கூடவே பதிவாகியிருக்கவேண்டும். ஆனால் பதிவுக் கருவியோ மின்கலத்தில் இயங்கியது. அந்த லயத்தில் 1982இல் மின்சாரமே இல்லை. மின்சாரமில்லாத இடத்தில் மின்னிரைச்சல் எங்ஙனம் வரும்?

ஆசிரியர் சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஸ்டோரு" என்றார். "கொழுந்து கூடின நாள்ல ராவெல்லாம் ஓடும். எங்க காம்பராவுக்கு நேர் கீழதான்."

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றே சொல்வர். பகலில் கொய்த கொழுந்தை வாட்டும் பெரிய விசிறிகளின் ஓசை, பள்ளத்திலிருந்து மேலேறி, அந்த இரவில் நான்கு பெண்களின் குரலுக்குக் கீழே ஒரே சுருதியாக நின்றிருந்தது. அவர்களுக்கு அது கேட்டிருக்கவே மாட்டாது; பிறந்த நாள் முதல் கேட்டது யாருக்குக் கேட்கும்? கணினியின் மென்பொருளால் அதனை வெட்டியெடுக்க முடியும் என்று பொறியியல் மாணவன் சொன்னான். சிறிதளவு வெட்டிக் காட்டவும் செய்தான். ரீங்காரம் போயிற்று, அதனோடு, கும்மியின் இடையில் யாரோ தொலைவிலே தட்டிக்கொண்டிருந்த தப்பின் அடியோசையும் பாதி போயிற்று. அவன் மாற்றத்தை நீக்கினான்.

எதையும் வெட்டாத பிரதி ஒன்றை முதலிற் சேமித்துவைப்பது என்றும், ஆய்வேட்டுக்காக வேண்டுமாயின் வேறொரு பிரதியிற் கைவைப்பது என்றும் முடிவாயிற்று. மாணவி தன் அட்டவணையில் மூன்றாவது கசெற்றுக்கு எதிரே, பாடியவர்களின் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் எழுதியபின், குறிப்பு என்ற நிரலில் 'பின்னணி ஓசை: ஸ்டோர் விசிறி' என்று சேர்த்துக்கொண்டாள். நான்கு பெயர்களில் இரண்டாவதைச் சொல்லும்போது ஆசிரியர், ஊர் இப்போது எது என்று எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார். பின்னர் நாடாவின் மறுபக்கத்தைத் திருப்பி வைத்தார்.